காற்றோட்டம்

அமைச்சர் தெருவில் நின்றபடியே
வீட்டின் கொல்லையைப் பார்த்துவிட்டார்.
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி
ஒரே நேர்கோட்டில் ஏழு நிலைவாசல்,
கடைசியில் நகத்தளவு வெயில்,
வெயிலில் கட்டிய ஒரு கன்று.

"இங்கிருந்து சுட்டால்
ஒரே ரவையில் வீடு முடிந்துவிடும்"
என்றார் தன் பாஷையில்.
ஆவிச்சி செட்டியார் என் வாயைப் பார்த்தார்.
"நல்ல காற்றோட்டம்னு சொல்றார்" என்றேன்.
செட்டியாருக்குப் பூரிப்பு.
"பெரியவுக யோசிச்சுக் கட்டுனது."
இதை மட்டும் சொல் மாறாமல் பெயர்த்தேன்.
அமைச்சர் வெகுநேரம் தலையாட்டினார்.

எழுபத்து நாலு, பங்குனி, கானாடுகாத்தான்.
காலையில் காரைக்குடி ஆய்வுக்கூடத்தில்
கடல்நீர் படும்வரை உறங்கும் மின்கலம் ஒன்றைக்
கையில் வாங்கி, அடுத்த வீட்டுப் பிள்ளைபோல
எழுப்பாமல் திருப்பித் தந்திருந்தார்.
அவர் நாட்டில் ஐந்து வருஷம்
பீட்ரூட் தின்று வேதியியல் படித்தவன் நான்.
அதனால் அன்றைக்கு நாக்கு.

தொதோர் வெல்னிச்சின் வாழ்க்கை
எனக்கு மனப்பாடம்.
அங்கே அயல்நாட்டு மாணவர் பாடநூலில்
பதினோராம் பாடம், இறந்தகால வினைகள்:
பிறந்தார். ரயிலுக்குக் கரி அள்ளினார்.
காட்டுக்குப் போனார். பாலத்தைத் தகர்த்தார்.
வென்றார். மார்ஷல் ஆனார்.
பயிற்சி: கோடிட்ட இடங்களை நிரப்புக.
நிரப்பினேன். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு.

ஒர்ஸ்னா துறைமுகம் அந்தப் பாடத்தில் இல்லை.
ரொட்டி விலை கேட்டுக் கூடியவர்கள், டாங்கிகள்,
மறுநாள் கழுவிவிட்ட தெரு.
அதற்குச் செய்தித்தாளில் செயப்பாட்டுவினை:
அமைதி நிலைநாட்டப்பட்டது.
தமிழில் தோன்றா எழுவாய் என்போமே,
அதுபோல ஒன்று.
விடுதியில் எல்லோருக்கும் எழுவாய் தெரியும்,
குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

பந்தியில் கவுனி அரிசி வந்தது.
கறுப்பைக் கண்டதும் அவர் கை நின்றது.
காட்டில் மரப்பட்டை அரைத்துச் சேர்த்த ரொட்டி
இதே நிறம் என்றார்.
பத்தொன்பது வயது. பனி.
பங்கில் ஒரு துண்டு திருடிய சிநேகிதன்.
விதி விதிதான், சீட்டு என் பெயருக்கு விழுந்தது,
அவன் தொப்பியைக் கழற்றி
என்னிடமே பிடிக்கக் கொடுத்தான் என்றார்.
இலையைப் பார்த்தேதான் சொன்னார்.

"என்னவாம்?" என்றார் செட்டியார்.
"இனிப்பு அளவா இருக்காம்."

காரில் ஏறும்போது என் தோளில் கைவைத்தார்.
"நான் பேசியது நீளம், நீ சொன்னது குட்டை.
எங்கள் ஊரில் பிறந்திருந்தால்
அமைச்சராகியிருப்பாய்."
சிரித்தாரா என்று இன்றுவரை தெரியவில்லை.
மீசை மறைத்தது.

நாலு வருஷம் கழித்து நாலு வரிச் செய்தி:
உடல்நிலை காரணமாக விடுவிக்கப்பட்டார்.
அதற்குப்பின் வரியே இல்லை.
எனக்கு அடுத்துப் போன பையன்
கொண்டுவந்த பாடநூலைப் புரட்டினேன்.
பதினோராம் பாடத்தில் தேனீ வளர்க்கும் ஒருவர்.
பிறந்தார். கூடு செய்தார். தேன் எடுத்தார்.

மதராஸ் தூதரகத்திலிருந்து
செட்டியாருக்கு ஒரு கடிதம்.
முகப்பில் எடுத்த கூட்டுப்படத்தை அனுப்பினால்
தெளிவான புதுப் பிரதி தருகிறார்களாம்.
வாசித்துச் சொன்னேன், இம்முறை குட்டையாக்காமல்.
"தெளிவுன்னா?"
"அவர் இருக்கமாட்டார்."

செட்டியார் எழுந்துபோய்
அந்த வருஷக் குறிப்பேட்டை எடுத்து வந்தார்.
விரலால் இறங்கி ஓரிடத்தில் நிறுத்தினார்.
ஐஸ் பாறை இரண்டு. சோடா நாலு டஜன்.
தலைவாழை இலை முப்பத்தாறு.
சீமை மந்திரி ஒருத்தர்.
"சாப்பிட்டுப் போனவரை எப்படிய்யா
சாப்பிடலைன்னு எழுதறது?
ஐந்தொகை இடிக்குமில்ல."

கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார்.
பதில் எழுதச் சொன்னார்.
எழுதினேன்: படம் கரையான் அரித்துவிட்டது.

ஏழு வாசலும் திறந்தே கிடந்தன.
கொல்லையில் அந்தக் கன்று
பசுவாகிப் படுத்திருந்தது.
முதுகு ஏனோ கூசியது.
நடுவிலிருந்து விலகி
தூணோரமாக நடந்து வெளியே வந்தேன்.